பெண்களின் ‘ஸ்டடி கிளப்’ வெறும் டீ பார்ட்டிதானா?

கேள்வி கேட்டவர் ஒரு பெண். அவர் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார்களாம். “அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்டடி கிளப் என்று பெயர் வைத்துக்கொண்டு பணக்கார வீட்டம்மாக்கள் டீ குடித்தார்கள், வேறொன்றும் இல்லை” என்று ஒரு உறவினர் கிண்டலடித்திருக்கிறார். அது நிஜமா, அந்த கிளப்புகளின் வரலாறு என்ன என்று கேட்கிறார்.

டீ குடித்தது நிஜம். வசதியான வீடுகள் என்பதும் பெரும்பாலும் நிஜம். “வேறொன்றும் இல்லை” என்ற இடத்தில்தான் உங்கள் உறவினர் சறுக்குகிறார். நூலக வரலாற்றில் எனக்குள்ள கிறுக்கால் இந்த கிளப்புகளைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தக் கதையை வழக்கமாக 1868-ல், நியூயார்க்கில் ஆரம்பிப்பார்கள். நான் 37 வருடம் பின்னால் போகிறேன். 1831 செப்டம்பரில் பிலடெல்பியாவில் கறுப்பினப் பெண்கள் சுமார் 20 பேர் சேர்ந்து பெண்கள் இலக்கியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முக்கியப் புள்ளி சாரா மாப்ஸ் டக்ளஸ் என்ற பள்ளி ஆசிரியை. அதற்கு முந்தின மாதம்தான் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, அந்தக் கிளர்ச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டிருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் இவர்கள் செவ்வாய்தோறும் மாலையில் கூடிப் படித்தார்கள், எழுதினார்கள்.

அவர்கள் எழுதிய முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெட்டி. ஒவ்வொருத்தியும் வீட்டில் எழுதியதைப் பெயர் போடாமல் அதில் போட்டுவிடுவாள். பிறகு ஒரு குழு அவற்றை எடுத்து நிறை குறைகளை அலசும். திட்டு வாங்கியது யார் எழுத்து என்று எழுதியவளுக்கு மட்டும்தான் தெரியும். அடிமை ஒழிப்புப் பத்திரிகையான ‘லிபரேட்டர்’ நடத்திய வில்லியம் லாயிட் கேரிசன் 1832-ல் இந்தச் சங்கத்துக்கு வந்து பார்த்தார். அசந்துபோய், பெட்டியிலிருந்த எழுத்துகளில் சிலவற்றை வாங்கிப்போய்த் தன் பத்திரிகையில் அச்சிட்டார்.

அதே பெண்கள் ‘மனவிருந்து’ என்ற பெயரில் கூட்டம் நடத்தியதும் உண்டு. சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும் மட்டும். பேச்சும் வாசிப்பும்தான் பந்தி. செவிக்கு உணவு இல்லாதபோதுதான் வயிற்றுக்குக் கொஞ்சம் என்று நம்ம ஆள் சொன்னாரே, அதை அப்படியே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆக, டீ பார்ட்டி என்ற கிண்டலுக்கு முதல் பதில், இந்த வரிசையில் முன்னால் நிற்கிற சங்கங்களில் ஒன்றில் டீயே கிடையாது.

அடுத்து பாஸ்டன், 1839. மார்கரெட் ஃபுல்லர். ஆறு வயதிலேயே அப்பா லத்தீன் சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண். அவ்வளவு படித்தும், பெண் என்பதால் நுழையக் கல்லூரி இல்லை. அந்த நவம்பரில் சுமார் 25 பெண்களை உட்காரவைத்து, கட்டணம் வாங்கி, ‘உரையாடல்கள்’ என்ற தொடரை ஆரம்பித்தார். முதல் பொருள் கிரேக்கப் புராணம். 1844 வரை வருடாவருடம் நடந்தது. அவர் சொன்ன காரணம் இந்த மொத்த வரலாற்றுக்கும் சாவி என்பது என் எண்ணம். ஆண் பிள்ளை சின்ன வயதிலிருந்தே தான் படித்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது: வகுப்பில், மேடையில், பிறகு தொழிலில். பெண் பிள்ளைக்கும் அதே பாடங்களை மேலோட்டமாக ஓட்டிவிடுகிறார்கள்; ஆனால் படித்ததைத் திருப்பிக் கேட்பார் யாருமில்லை. கேட்டால் அது விருந்தாளி முன்னால் ‘எங்க பொண்ணுக்குப் பாட்டு வரும், பிரெஞ்சு வரும்’ என்று காட்டிக்கொள்ளத்தான்.

புத்தகம் கிடைப்பது வேறு, படித்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைப்பது வேறு. வசதியான வீடுகளில் புத்தகம் இருந்தது. இல்லாமல் இருந்தது இரண்டாவது. ஸ்டடி கிளப் என்பது அந்த இரண்டாவதைப் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு. அந்த இடம் எப்படி வளர்ந்தது என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

கல்லூரிக் கதவு திறக்காமல் இல்லை. ஓபர்லின் 1837-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வாசர் பெண்கள் கல்லூரி 1865-ல் திறந்தது. ஸ்மித், வெல்ஸ்லி இரண்டும் 1875. ஆனால் அதெல்லாம் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு. 1870-ல் நாற்பது வயதான ஒருத்தி, மூன்று பிள்ளைகளை வளர்த்து நிமிர்ந்து பார்க்கும்போது அவளுக்கு எந்தக் கல்லூரி? ‘நடுவயதுப் பெண்களின் பல்கலைக்கழகம்’ என்று இந்த கிளப்புகளுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு பட்டப்பெயர் உண்டு. நக்கலும் அதில் இருந்தது, பொருத்தமும் இருந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். (பெயரைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பார்கள், அமெரிக்கர்களே சிரிப்பார்கள்.) அங்கே 1852-ல் பெண்கள் நூலகச் சங்கம் ஒன்று உருவானது. அதன் பின்னாலிருந்தவர்களில் ஒருவர் லூசிண்டா ஹின்ஸ்டேல் ஸ்டோன். சிறு வயதில், கல்லூரிக்குத் தயாராகும் பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். பையன்கள் கல்லூரிக்குப் போனார்கள், இவர் போக முடியவில்லை. அந்த வலியை அவர் வீணாக்கவில்லை. கணவர் கலமசூ கல்லூரியின் தலைவர். இவர் பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டார். கல்லூரியை விட்டு இருவரும் விலகிய பிறகு வீட்டிலேயே வரலாற்று வகுப்பு எடுத்தார், இளம்பெண்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார், ஊர் ஊராக கிளப் தொடங்க உதவினார். மிச்சிகனில் அவரை ‘கிளப்புகளின் தாய்’ என்பார்கள். 1870-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் முதல்முறையாக ஒரு பெண்ணைச் சேர்த்தபோது உள்ளே நுழைந்த மேடலன் ஸ்டாக்வெல் கலமசூக்காரர், லூசிண்டாவின் மாணவி, அவர் தூண்டுதலில் விண்ணப்பித்தவர். தனக்கு மூடிய கதவை மாணவியை வைத்துத் தட்டியிருக்கிறார் அம்மா.

அந்தச் சங்கம் 1879-ல் தனக்கென்று சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டது. செங்கல் சுவர், கோபுரம், இலக்கியக் காட்சிகள் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பெண்கள் கிளப் ஒன்றுக்காகவே அமெரிக்காவில் எழுந்த முதல் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். கணவனின் வரவேற்பறையில் கூடுவதற்கும் சொந்த வாசற்படி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கவேண்டியதில்லை. இன்றைக்கும் அந்தக் கட்டடம் நிற்கிறது.

இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்ற ஆற்றங்கரை ஊரில் 1866-ல் சாரா டென்மன் கூட்டிய பன்னிரண்டு பேர் வட்டமும் இதே வகைதான். ‘ஆலோசனைத் தோழிகள்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர்கள் பிளேட்டோவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மிசிசிப்பிக் கரையில் ஒரு சின்ன ஊர், உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது, பன்னிரண்டு குடும்பப் பெண்கள் பிளேட்டோ படிக்கிறார்கள். யோசித்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இனி எல்லோரும் சொல்லும் 1868. சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா வந்திருந்தார். நியூயார்க் பத்திரிகையாளர்கள் ஏப்ரல் 18 அன்று டெல்மோனிகோ உணவகத்தில் அவருக்கு விருந்து வைத்தார்கள். ஜென்னி ஜூன் என்ற புனைபெயரில் எழுதிவந்த ஜேன் கன்னிங்ஹாம் குரோலி, மற்றப் பத்திரிகையாளர்களைப் போலத் தானும் காசு கொடுத்து டிக்கெட் கேட்டார். முதலில் அதை ஜோக் என்று நினைத்தார்கள். பிறகு தட்டிக்கழித்தார்கள். கடைசி நேரத்தில், போதுமான பெண்கள் வந்தால் வரட்டும் என்று ஒரு பதில் வந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்பதுதான் ஏற்பாடு என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். குரோலி மறுத்துவிட்டார். அதற்குள் அவர் தன் வீட்டில் சில பெண்களைக் கூட்டி ஒரு கிளப்பே தொடங்கியிருந்தார். விருந்து நடந்த அதே டெல்மோனிகோவில், அதே ஏப்ரலில், அந்தப் பெண்கள் மதிய உணவுக் கூட்டம் போட்டார்கள். துணைக்கு ஆண் இல்லாமல் பெண்கள் ஒரு பெரிய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. சாப்பாடு பரிமாறுவதே பத்திரிகைச் செய்தி.

கிளப்புக்கு வைத்த பெயர் சோரோசிஸ். தாவரவியல் சொல். ஒரு பூக்கொத்தின் பல பூக்கள் ஒன்றாகத் திரண்டு ஒரே பழமாகும் வகைக்கு அப்படிப் பெயர். அவர்கள் காட்டிய உதாரணம் அன்னாசி. நம்மூர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும்: பலா. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ, எல்லாம் சேர்ந்து ஒரே பழம், வெளியே முள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் பலாப்பழத்தைத்தான் சின்னமாக வைக்கச் சொல்லியிருப்பேன்.

ஆலிஸ் கேரி என்ற கவிஞர் முதல் தலைவர். முதல் வருட முடிவில் உறுப்பினர்கள் 83 பேர். எழுத்தாளர்கள், ஆசிரியைகள், மருத்துவர்கள் என்று பலரும் சொந்தமாகச் சம்பாதித்தவர்கள். நியூயார்க் பத்திரிகையாளர் சங்கம் பிறகு சமாதானம் பேச ஒரு காலை விருந்துக்கு இவர்களை அழைத்தது. அங்கே ஆண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்களுக்கு வாய் திறக்க ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. சோரோசிஸ் பதிலுக்கு ஒரு டீ விருந்து வைத்தது. அதில் பெண்கள் மட்டுமே பேசினார்கள். வந்த ஆண்கள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது விருந்தில் செலவும் பாதிப் பாதி, பேச்சும் பாதிப் பாதி. உங்கள் உறவினர் சொன்ன டீ பார்ட்டி இதுவாக இருந்தால், நான் மறுக்கமாட்டேன்.

அதே 1868-ல் பாஸ்டனிலும் நியூ இங்கிலாந்து பெண்கள் கிளப் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தலைவரான ஜூலியா வார்ட் ஹோ 1910-ல் சாகும்வரை அந்தக் கிளப்போடு பிரியாமல் இருந்தார். அந்த கிளப்பில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

1872 டிசம்பரில் எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டரைப் பேச அழைத்தார்கள். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், பெண்கள் பக்கம் நிற்பவர் என்று நினைத்துத்தான் அழைத்தார்கள். அவர் எழுந்து, பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைப் போலப் படித்தால் கருப்பைக்குப் போகவேண்டிய சக்தியை மூளை இழுத்துக்கொள்ளும், உடம்பு கெட்டு மலடாகிப்போவார்கள் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அறை எப்படிக் கொதித்திருக்கும்! கிளார்க் அதை 1873-ல் புத்தகமாகவே போட்டார். அது பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. படிக்க ஆசைப்பட்ட ஒரு தலைமுறைப் பெண்களை அது தூங்கவிடவில்லை.

பதிலும் வந்தது. ஜூலியா வார்ட் ஹோ 1874-ல் மறுப்புக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். கிளார்க் காட்டிய ஓர் உதாரணம் வாசர் மாணவி ஒருத்தியைப் பற்றியது; அது பொருந்தாது என்று அந்தக் கல்லூரியின் பெண் மருத்துவரே எழுதினார். டாக்டர் மேரி புட்னம் ஜேக்கபி, மாதவிடாய் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பி, 268 பெண்கள் தந்த பதில்களையும் தன் சோதனைகளையும் வைத்துக் கிளார்க்கின் வாதத்தை உடைத்தார். அதற்கு 1876-ல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. பட்டதாரிப் பெண்கள் சங்கம் 1885-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 705 பேர் உடல்நிலை பதிவாகியிருந்தது. படிப்பால் யாரும் அழிந்துபோகவில்லை. ஒரு கிளப் கூட்டத்தில் மூண்ட சண்டை புள்ளிவிவர ஆராய்ச்சிவரை போய் முடிந்தது. நம் வீடுகளில் ‘ரொம்பப் படிச்சா பொண்ணுக்குக் கண்ணு கெட்டுடும், அப்புறம் யாரு கட்டிப்பா’ என்று சொன்ன பாட்டிகளுக்குப் பின்னால் எந்த ஹார்வர்டும் இல்லை. அங்கே அந்தப் பாட்டி வேலையை ஒரு பேராசிரியர் செய்திருக்கிறார்.

கூட்டத்துக்கு வரமுடியாத பெண்கள்? பண்ணை வீட்டில், பக்கத்து வீடே இரண்டு மைலில் இருப்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டு அடைபட்டவர்கள்? அவர்களுக்காக அன்னா எலியட் டிக்னர் 1873-ல் பாஸ்டனில் தொடங்கியது வீட்டிலிருந்தே படிக்க ஊக்குவிக்கும் சங்கம். முழுக்கத் தபால் வழி. பாடம் சொல்கிறவரும் பெண், படிக்கிறவரும் பெண். மாதம் ஒரு கடிதமாவது போகும், வரும். புத்தகம் இல்லாதவர்களுக்குத் தபாலிலேயே புத்தகம் இரவல். அறிவியல் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், எம்ஐடியில் பட்டம் வாங்கிய முதல் பெண். 1897-ல் மூடும்வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் படித்தார்கள். டிக்னருக்கு விளம்பரம் பிடிக்காது; அதனாலேயே அவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போனது.

அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம் கட்டாயம்: நினைவுக் குறிப்பு. இன்றைக்குப் படி, புத்தகத்தை மூடு, படித்ததை ஞாபகத்திலிருந்து எழுது, மாதக் கடைசியில் அந்தக் குறிப்பைப் பாடம் சொல்பவருக்கு அனுப்பு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நானும் ஒருமுறை ஜம்பமாக, இருபது பக்க அத்தியாயம் ஒன்றைப் படித்து மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஏழு வரிக்கு மேல் நகரவில்லை. அதில் இரண்டு வரி தப்பு. ஃபுல்லர் கேட்ட அதே ‘திருப்பிச் சொல்’தான் இங்கேயும், தபால் வடிவத்தில்.

சரி, சாதாரண ஊரில் சாதாரண கிளப் எப்படி நடந்தது? அதற்கு நல்ல சாட்சி அவர்கள் வருடாவருடம் அச்சிட்ட நிகழ்ச்சிக் கையேடு. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம். கெட்டி அட்டை, சிலவற்றில் ரிப்பன் முடிச்சு. ஸ்கேன் செய்து வைத்திருக்கும் அமெரிக்க நூலகங்களில் நிறையப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து வசந்தம்வரை, பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம். யார் வீட்டில், என்ன தேதி, யார் கட்டுரை, என்ன பொருள் என்று எல்லாம் முன்கூட்டியே அச்சில் ஏறிவிடும். அச்சில் ஏறிய பிறகு ‘எனக்கு வராதுங்க’ என்று நழுவ முடியாது. வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்வதற்குப் பதில், அன்றைய எழுத்தாளரின் மேற்கோள் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதாவது கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கூச்ச சுபாவிகளை இவ்வளவு தந்திரமாக வாய் திறக்கவைத்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு ‘பேப்பர்’. ஒருத்தி எழுந்து நின்று, தான் தயாரித்த கட்டுரையை வாசிப்பாள். பல கிளப்புகளில் விமர்சகர் என்று ஒரு பதவி. உச்சரிப்பு, இலக்கணம் எல்லாவற்றிலும் தப்புப் பிடிப்பது அவர் வேலை. கட்டுரைகள் பிரமாதமாக இருந்தன என்று பொய் சொல்லமாட்டேன். பாதிக்குமேல் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதியவை. ஒரே வருடத்தில் எகிப்து முதல் விக்டோரியா ராணிவரை ஓடிய கிளப்புகள் உண்டு. ‘ஆழமில்லாத படிப்பு’ என்று அன்றைக்கே சிரித்தார்கள். சிரித்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டது எகிப்து இல்லை. தீர்மானம் முன்மொழிவது, திருத்தம் கொண்டுவருவது, குறிப்பேடு எழுதுவது, வரவு செலவு காட்டுவது, எதிர்த்துப் பேசுகிறவளைக் கோபப்படாமல் கேட்பது. கூட்டம் நடத்தும் முறைகளை ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-ல் கையேடாக்கினார்; கிளப் பெண்கள் அதை மனப்பாடமே செய்தார்கள். ஓட்டுரிமை 1920-ல்தான் வந்தது. அதற்கு ஐம்பது வருடம் முன்பிருந்தே இவர்கள் வரவேற்பறையில் தேர்தல் நடத்திப் பழகியிருந்தார்கள்.

மதமும் அரசியலும் பேசக்கூடாது என்று பல கிளப்புகளில் விதியே இருந்தது. கோழைத்தனம் என்று தோன்றும். எனக்கு அது வீட்டில் அனுமதி வாங்கும் சாமர்த்தியமாகத்தான் படுகிறது. ‘ஷேக்ஸ்பியர் படிக்கப் போகிறேன்’ என்றால் எந்தக் கணவன் தடுப்பான்? ஆனாலும் தடுத்தவர்கள் இருந்தார்கள். முன்னாள் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து 1905-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில், பெண்ணுக்கு மிக நல்ல, பாதுகாப்பான கிளப் அவள் வீடுதான் என்று எழுதினார். ஜனாதிபதியாக இருந்தவரே வேலை மெனக்கெட்டு எழுதவேண்டிய அளவுக்கு இது வளர்ந்திருந்தது.

வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோரோசிஸ் தன் 21-ஆம் ஆண்டு விழாவுக்கு 1889-ல் நாடெங்கும் உள்ள கிளப்புகளை அழைத்தது. 61 கிளப்புகள் பிரதிநிதிகளை அனுப்பின. 1890-ல் இந்த கிளப்புகளின் பொதுக் கூட்டமைப்பு உருவானது. குரோலி 1898-ல் இந்த இயக்கத்தின் வரலாற்றைத் தடிமனான ஒரே புத்தகமாக எழுதிவிட்டு 1901-ல் இறந்தார்.

அசிங்கமான அத்தியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பாஸ்டனில் ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் என்ற கறுப்பினப் பெண் தலைவர், ‘உமன்ஸ் ஈரா’ என்ற கிளப்பையும் அதே பெயரில் பத்திரிகையையும் நடத்தினார். வெள்ளைப் பெண்களின் நியூ இங்கிலாந்து கிளப்பிலும் அவர் உறுப்பினர். 1900-ல் மில்வாக்கியில் கூட்டமைப்பின் மாநாடு. வெள்ளைப் பெண்கள் கிளப்பின் பிரதிநிதியாக வேண்டுமானால் உள்ளே வாருங்கள், கறுப்பினப் பெண்கள் கிளப்பின் பிரதிநிதியாக முடியாது என்றார்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பிடுங்கவும் ஒருவர் முயன்றார். ரஃபின் பேட்ஜையும் விடவில்லை, நிபந்தனையையும் ஏற்கவில்லை. படிப்பு மனத்தை விசாலமாக்கும் என்று முப்பது வருடம் கட்டுரை வாசித்தவர்கள் வாசலில் நின்று செய்த காரியம் இது. கறுப்பினப் பெண்கள் அதற்குள் 1896-லேயே தங்கள் தேசியச் சங்கத்தை அமைத்திருந்தார்கள். முதல் தலைவர் மேரி சர்ச் டெரல்.

நம் பக்கத்துக்கும் இதில் ஓர் இழை உண்டு. பண்டித ரமாபாய் 1886-ல் அமெரிக்கா போய், இந்திய விதவைகளின் நிலையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். அவருக்கு உதவப் பெண்கள் ஆங்காங்கே ‘ரமாபாய் வட்டங்கள்’ அமைத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்ற, விதவைகளுக்கான பள்ளி தொடங்கியது. நான்கு வருடம் கழித்து, சிகாகோ மாநாட்டுக்கு முன்பு கையில் காசு கரைந்துகொண்டிருந்த விவேகானந்தர், பாஸ்டன் பக்கத்து கிராமம் ஒன்றில் தங்கியிருந்தார். 1893 ஆகஸ்ட் 20 அன்று சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில், ரமாபாய்க்கு உதவிவரும் பெரிய பெண்கள் கிளப் ஒன்றில் பேசப்போவதாகச் சொல்கிறார். தன் உடையைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடுகிறது, வெளியே போக நீளக் கறுப்புக் கோட்டு வாங்கவேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். அப்படி ஆலோசனை சொன்னதும் அங்கிருந்த பெண்கள்தான். திருவல்லிக்கேணியில் வீடு வீடாகப் போய் அவருக்காகப் பணம் திரட்டிய அளசிங்கர், ‘லேடீஸ் கிளப்’ என்ற சொல்லைப் படித்து என்ன கற்பனை செய்திருப்பார்!

படிப்பிலிருந்து செயலுக்குத் திரும்பிய நேரத்தை ஒரே வாக்கியத்தில் காட்டலாம். 1904-ல் கூட்டமைப்பின் தலைவரான டென்வர் நகரத்து சாரா பிளாட் டெக்கர் சொன்னது: இத்தாலியக் கவிஞர் தாந்தே செத்துப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது, அவர் எழுதிய நரகத்தைப் படித்தது போதும், நம்மைச் சுற்றியுள்ள நரகத்தைக் கவனிப்போம். உணவிலும் மருந்திலும் கலப்படம் செய்வதைத் தடுக்கும் 1906 சட்டத்துக்காகக் கிளப் பெண்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். குழந்தைத் தொழிலாளர், பால் சுத்தம், பள்ளி என்று இறங்கினார்கள். 1914-ல் ஓட்டுரிமையையும் கூட்டமைப்பு ஆதரித்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது நூலகம்தான். கட்டுரை எழுதப் புத்தகம் வேண்டும். ஊரில் நூலகம் இல்லை. ஆளுக்கு இரண்டு புத்தகம் கொண்டுவந்து யாரோ ஒருத்தி வீட்டு அலமாரியில் வைத்தார்கள். அலமாரி ஓர் அறையானது, கேக் விற்றும் நாடகம் போட்டும் சேர்த்த காசில் அறை கட்டடமானது, கட்டடத்தை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். புத்தகப் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் முக்கால் பங்கு பெண்கள் கிளப்புகளின் முயற்சியில் தொடங்கியவை என்று அந்நாட்டு நூலகச் சங்கம் 1933-ல் மதிப்பிட்டதாகச் சொல்வார்கள். நூலகங்கள் கட்ட எஃகுத் தொழிலதிபர் கார்னகி கொடுத்த பணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்துக்கு மனு எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், பல ஊர்களில் அந்த ஊர்ப் பெண்கள் கிளப்பின் செயலாளர் கையெழுத்து இருக்கும்.

பிறகு பெண்களுக்குக் கல்லூரி பழகிப்போனது, வேலை வந்தது, பகலில் வீட்டில் ஆளில்லை. கிளப்புகள் மெல்லச் சுருங்கின. கூட்டமைப்பு இன்றும் வாஷிங்டனில் இயங்குகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வட்டத்தில் இரண்டு மூன்று பேர் மட்டுமே பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். எல்லா வாசிப்பு வட்டங்களிலும் அப்படித்தான். பிலடெல்பியாப் பெண்களின் பெட்டியை ஒரு மாதம் முயன்று பாருங்கள். பழைய பிஸ்கட் டின் போதும். அரைப் பக்கம், பெயர் இல்லாமல். கையால் எழுதவேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே குடியிருப்பில் பால் கணக்கு எழுதும் கையெழுத்து எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.